டாக்டரிடமிருந்து கடிதம்: வருடம் 2,200 டாலர் கட்டினால்தான் இனி பார்ப்பாராம்

எடிசன் ராஜி
செவ்வாய், இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் பதினோரு வருடமாக எங்கள் வீட்டுக்கு ஒரே பிரைமரி டாக்டர்தான். போன வாரம் அவரிடமிருந்து கெட்டித் தாளில், கல்யாணப் பத்திரிகை மாதிரி ஒரு கடிதம் வந்தது. ஜனவரி 1 முதல் அவருடைய கிளினிக் ‘மெம்பர்ஷிப்’ முறைக்கு மாறுகிறதாம். ஆளுக்கு வருடம் 2,200 டாலர். மொத்தம் 600 பேரைத்தான் வைத்துக்கொள்வாராம், முந்துகிறவர்களுக்கு இடம். இன்சூரன்ஸும் வேண்டும், கோபேயும் (ஒவ்வொரு தடவை போகும்போதும் நம் கையிலிருந்து கட்டுகிற பங்கு) வழக்கம்போல உண்டு. சேராதவர்கள் டிசம்பர் 31க்குள் வேறு டாக்டரைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான், கணவர், அம்மா என்று மூன்று பேர். 6,600 டாலர். (பிள்ளைகள் குழந்தை மருத்துவரிடம் போகிறார்கள், அது தப்பித்தது.) எங்கள் இருவருக்கும் வருடத்துக்கு ஒரு தடவை போனாலே பெரிய விஷயம். அம்மாவுக்கு 74 வயது, சர்க்கரை, பிபி, போன வருடத்திலிருந்து இதயத் துடிப்பும் கொஞ்சம் சீராக இல்லை. கிரீன் கார்டு வந்து ஐந்து வருடம் முடிந்ததும் மெடிகேர் (வயதானவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) வாங்கிவிட்டோம். டாக்டர் குஜராத்திக்காரர். அம்மாவுக்காகவே ‘சாப்டாச்சா’ என்று கேட்கக் கற்றுக்கொண்டார். அதனால்தான் மனது கேட்கவில்லை.

இது சட்டப்படி சரியா? இன்சூரன்ஸுக்கும் கட்டி இவருக்கும் கட்டுவது எதற்கு? யாராவது இப்படிச் சேர்ந்திருக்கிறீர்களா?


பொள்ளாச்சி செந்தில்
செவ்வாய், இரவு 10:05

விட்டுத் தள்ளுங்கள் மேடம். தியேட்டருக்கு டிக்கெட் எடுத்த பிறகு உள்ளே உட்கார சீட்டுக்குத் தனியாகக் காசு கேட்கிற கதை இது. எங்கள் ஊரில் டாக்டர் வீட்டுக்கே வந்து ஊசி போட்டுவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போவார். இவர்கள் போனை எடுப்பதற்கே இரண்டாயிரம் டாலரா?


பில்லிங் சாந்தி
செவ்வாய், இரவு 11:30

ராஜி, பதினான்கு வருடமாக டாக்டர்களுக்கு மெடிக்கல் பில்லிங் பார்க்கிறேன். இந்த மாதிரி மாறிய கிளினிக்குகளில் இரண்டுக்குக் கணக்கு எழுதியும் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கும்.

இதற்குப் பெயர் கான்சியர்ஜ் மெடிசின். புதிதில்லை. 1996இல் சியாட்டிலில் ஹோவர்ட் மாரன் என்ற டாக்டர் ‘எம்டி ஸ்கொயர்’ என்று தொடங்கினார். அங்கிருந்த கூடைப்பந்து அணிக்கு டாக்டராக இருந்தவர். ஆட்டக்காரர்களுக்குக் கிடைக்கிற கவனிப்பை மற்றவர்களுக்கும் (அதாவது பணம் இருக்கிற மற்றவர்களுக்கு) கொடுத்தால் என்ன என்பது அவர் யோசனை. ஒரு டாக்டருக்கு 50 குடும்பம்தான், கட்டணம் பத்தாயிரம் டாலருக்கும் மேலே. 2000இல் ஃப்ளோரிடாவில் எம்டிவிஐபி வந்தது. அது நடுத்தர வர்க்கத்துக்கு எட்டுகிற மாதிரி இறக்கிய வடிவம்: டாக்டருக்கு 600 நோயாளிகள் வரை, வருடத்துக்குச் சில ஆயிரம் டாலர். சோப்பு விற்கிற ப்ராக்டர் அண்ட் கேம்பிள் 2009இல் அந்தக் கம்பெனியை வாங்கி, 2014இல் விற்றும்விட்டது. இப்போது நாடு முழுக்கப் பல கம்பெனிகள் இந்த 600 கணக்கையே பின்பற்றுகின்றன. உங்கள் டாக்டர் எதில் சேர்ந்தார் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் இங்கே எழுத வேண்டாம்.

சட்டம் பற்றிக் கேட்டீர்கள். கட்டணம் வாங்குவது குற்றமில்லை. எதற்காக வாங்குகிறார் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. அதுவும் அம்மாவுக்கு மெடிகேர் என்பதால் நன்றாகக் கவனியுங்கள். மெடிகேரில் இருக்கிற டாக்டர், மெடிகேர் ஏற்கெனவே பணம் கொடுக்கிற வேலைக்கு நோயாளியிடம் மறுபடி வாங்கக் கூடாது. முன்பு மின்னசோட்டாவில் ஒரு டாக்டர் வருடத்துக்கு 600 டாலர் என்று ஒப்பந்தம் போட்டார். அதில் ‘மற்ற டாக்டர்களோடு பேசி ஒருங்கிணைப்பது’ போன்றவற்றையும் சேர்த்திருந்தார். அது மெடிகேர் கட்டணத்துக்குள்ளேயே அடங்கிய வேலை என்று அரசு பிடித்துக்கொண்டது. 53,400 டாலர் கட்டித்தான் முடித்தார். அதிலிருந்து எல்லாக் கம்பெனியும் உஷார். கட்டணம் முழுக்க மெடிகேர் தராத ஒன்றுக்கு என்று எழுதிவிடுவார்கள். பெரும்பாலும் அது விரிவான வருடாந்திரப் பரிசோதனையாக இருக்கும். மெடிகேரில் வருடத்துக்கு ஒரு ‘வெல்னஸ் விசிட்’ உண்டு. ஆனால் அது உட்கார்ந்து கேள்வி கேட்டுத் திட்டம் போடுவது, தலை முதல் கால் வரை பார்க்கிற முழுப் பரிசோதனை இல்லை. அந்த இடைவெளியில்தான் இந்த மொத்தத் தொழிலும் நிற்கிறது. தாளில் நீங்கள் வாங்குவது பரிசோதனை. உண்மையில் வாங்குவது டாக்டருடைய நேரம்.

அதனால் போன் போட்டு முதலில் ஒன்றைக் கேளுங்கள்: “நீங்கள் மெடிகேரில் தொடர்கிறீர்களா, வெளியேறுகிறீர்களா?” தொடர்ந்தால் அம்மாவின் விசிட்டுக்கு மெடிகேர் வழக்கம்போலப் பணம் கொடுக்கும், 2,200 மட்டும் கைக்காசு. வெளியேறினால் (இரண்டு வருடம் இரண்டு வருடமாகப் புதுப்பிக்கிற ஏற்பாடு அது) தனி ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார். அவர் பார்ப்பதற்கு மெடிகேரும் ஒரு காசு தராது, மெடிகேர் விட்ட மிச்சத்துக்கென்று மேலே வாங்கி வைத்திருக்கிற மெடிகேப் இன்சூரன்ஸும் தராது. அவர் எழுதிக்கொடுக்கிற லேப் டெஸ்டுக்கும், அனுப்புகிற இதய டாக்டருக்கும் மட்டும் மெடிகேர் வழக்கம்போல உண்டு. இந்த வித்தியாசம் தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு எங்கள் ஆபீசுக்குப் போன் போட்டு அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.


எடிசன் ராஜி
புதன், காலை 7:15

சாந்தி அக்கா, கோடி நன்றி. கடிதத்தில் ‘மேம்பட்ட தடுப்புப் பரிசோதனை’ என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. நான் அதை விளம்பரம் என்று நினைத்துத் தாண்டிவிட்டேன்! எச்எஸ்ஏ கணக்கிலிருந்து (மருத்துவச் செலவுக்கென்று வரியில்லாமல் சேர்த்து வைக்கிற பணம்) கட்டலாமா? கணவர் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்.


விச்சிட்டா வேலு
புதன், காலை 8:50

எச்எஸ்ஏ கேள்விக்கு நான் வருகிறேன், ஏனென்றால் நான் இருப்பது இதன் சித்தப்பா பையன் மாதிரியான இன்னொரு முறையில். டைரக்ட் பிரைமரி கேர், சுருக்கமாக டிபிசி. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கான்சியர்ஜ் டாக்டர் உங்களிடமும் வாங்குவார், பெரும்பாலும் இன்சூரன்ஸுக்கும் பில் போடுவார். டிபிசி டாக்டர் இன்சூரன்ஸ் பக்கமே போக மாட்டார். மாதச் சந்தா மட்டும், கோபே கிடையாது. பில் போடுவதற்கென்று ஆள் வைக்க வேண்டியதில்லை என்பதால் கட்டணமும் குறைவு. (சாந்தி அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது.)

எங்கள் விச்சிட்டாவில் இது ரொம்பப் பிரபலம். அட்லஸ் எம்டி என்று 2010இல் இங்கே தொடங்கியவர்கள் வயதுக்குத் தகுந்தபடி மாதம் 50, 75, 100 டாலர் என்றும் குழந்தைக்கு 10 டாலர் என்றும் வைத்ததுதான் நாடு முழுக்கப் பேச்சானது. நான் போவது வேறு ஒரு சின்ன கிளினிக். டாக்டர் ஒருவர், நர்ஸ் ஒருவர், அவ்வளவுதான். என் பிபி மாத்திரையை மொத்த விலைக்கு வாங்கி அவர்களே கொடுத்துவிடுவார்கள். மருந்துக் கடையில் இன்சூரன்ஸோடு கட்டியதைவிடக் குறைவு. (எல்லா மாநிலத்திலும் டாக்டர் மருந்து கொடுக்க விட மாட்டார்கள், விசாரித்துக்கொள்ளுங்கள்.)

இது எனக்கு நிஜமாகக் கைகொடுத்தது மாமனார் மாமியார் ஆறு மாதம் வந்தபோது. விசிட்டர் இன்சூரன்ஸ் எப்படி என்று உங்களுக்கே தெரியும், ஏற்கெனவே இருக்கிற நோய் என்றால் கையை விரித்துவிடுவார்கள். மாமாவுக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரை நான்காம் மாதமே தீர்ந்துவிட்டது. அதே கிளினிக்கில் இரண்டு மாதச் சந்தா கட்டினேன். டாக்டர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து ஊர் மாத்திரைப் பெயரை எல்லாம் இங்கத்திய பெயருக்கு மாற்றி எழுதிக்கொடுத்தார். மாமா இன்றைக்கும் அவரைப் பற்றித்தான் பேசுவார். ஆனால் அதே மாமாவுக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் அந்தச் சந்தா ஒன்றுக்கும் உதவியிருக்காது. விசிட்டர் இன்சூரன்ஸையும் விடாமல் வைத்திருந்தோம்.

எச்எஸ்ஏ: 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தில் மாற்றிவிட்டார்கள். 2026 ஜனவரி 1 முதல் டிபிசி சந்தாவை எச்எஸ்ஏவிலிருந்து கட்டலாம், தனி ஆளுக்கு மாதம் 150 டாலர், குடும்பத்துக்கு 300 டாலர் என்ற வரம்புக்குள். அதற்கு முன்னால் டிபிசியில் இருந்தாலே எச்எஸ்ஏவில் பணம் போட முடியாமல் போகிற சிக்கல் இருந்தது. உங்கள் டாக்டர் கேட்பது மாதத்துக்கு 183 டாலர் கணக்கு ஆகிறது, இன்சூரன்ஸுக்கும் பில் போடுகிறார். அதனால் இந்த விதிக்குள் வராது. சார் உங்கள் சிபிஏவிடம் (வரிக் கணக்குப் பார்க்கிறவர்) ஒரு தடவை கேட்டுக்கொள்ளட்டும்.


ஃப்ரீமான்ட் கார்த்திக்
புதன், காலை 11:20

அமேசான் பிரைம் இருந்தால் மாதம் 9 டாலருக்கு ஒன் மெடிக்கல் கிடைக்கிறதே, அதுவும் இதுதானே? எதற்கு 2,200?


பில்லிங் சாந்தி
புதன், மதியம் 12:10

இல்லை கார்த்திக். ஒன் மெடிக்கல் 2007இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது, 2023 பிப்ரவரியில் அமேசான் கிட்டத்தட்ட 390 கோடி டாலருக்கு வாங்கியது. அங்கே சந்தா என்பது ஆப்புக்கும் வீடியோ அழைப்புக்கும்தான். நேரில் போனால் இன்சூரன்ஸுக்குத் தனியாகப் பில் போகும். ‘உங்களுக்கென்று இந்த ஒரு டாக்டர், அவரிடம் இத்தனை பேர்தான்’ என்ற வாக்குறுதி அதில் இல்லை. சின்னச் சளிக்காய்ச்சலுக்கு வசதி. ராஜியின் அம்மா விஷயம் வேறு.


ஓஹையோ முத்து
புதன், இரவு 10:45

டாக்டரை மட்டும் வில்லன் ஆக்காதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன். என் மனைவி கொலம்பஸில் இன்டர்னிஸ்ட் (பெரியவர்களுக்கான பொது மருத்துவர்). அவளுடைய பட்டியலில் இரண்டாயிரத்துக்கு மேல் நோயாளிகள். ஒரு நாளைக்கு இருபது பேருக்குக் குறையாமல் பார்க்கிறாள். ஆளுக்குப் பதினைந்து, இருபது நிமிடம், அதில் பாதி கணினியில் தட்டச்சு. வீட்டுக்கு வந்து பிள்ளைகள் தூங்கிய பிறகு மறுபடி லேப்டாப்: நோயாளிகள் அனுப்பிய செய்திகள், லேப் முடிவுகள், மருந்துக்கு முன் அனுமதி கேட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகிற படிவங்கள். அந்தப் படிவத்துக்கு அவளுக்கு ஒரு காசு கிடையாது.

600 பேரும் ஆளுக்கு 2,200ம் என்றால் 13 லட்சத்து 20 ஆயிரம் டாலர். கம்பெனி ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், வாடகை, சம்பளம் எல்லாம் போகும். ஆனாலும் கணக்கு புரிகிறதா? இன்சூரன்ஸ் பணம் வருவதற்கு முன்னாலேயே கிளினிக் ஓடிவிடும். ஒரு நாளைக்கு எட்டோ பத்தோ பேரைப் பார்த்தால் போதும். என் மனைவிக்கும் இப்படி ஓர் அழைப்பு வந்தது. இரண்டு வாரம் யோசித்துவிட்டு வேண்டாம் என்றாள். காரணம் தர்மம் எல்லாம் இல்லை, ‘ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் அடித்தால் நீ எடுப்பியா’ என்று என்னைக் கேட்டாள்.


பொள்ளாச்சி செந்தில்
புதன், இரவு 11:02

முத்து அண்ணா, எல்லாம் சரி. ராஜி மேடத்தின் டாக்டரிடமும் இரண்டாயிரம் பேர் என்று வைத்தால், மிச்சம் 1,400 பேர் எங்கே போவார்கள்? உங்கள் வீட்டு மேடம் மாதிரி இருக்கிறவர்கள் பட்டியலில்தானே போய் ஏறுவார்கள்? இவர் மூச்சு விடுவதற்காக இன்னொரு டாக்டர் மூச்சு முட்ட வேண்டுமா?


ஓஹையோ முத்து
புதன், இரவு 11:20

அதற்கு என்னிடம் பதில் இல்லை செந்தில். அமெரிக்க மருத்துவச் சங்கம் 2003இலேயே இதற்கு நெறிமுறை எழுதியது. பழைய நோயாளியை அந்தரத்தில் விடாமல் வேறு டாக்டரிடம் சேர உதவ வேண்டும், பணம் கட்டுகிறவருக்குத்தான் தரமான சிகிச்சை என்று சொல்லி விளம்பரம் செய்யக் கூடாது என்றெல்லாம் அதில் உண்டு. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. பக்கத்து ஊரில் புது நோயாளியைச் சேர்க்கிற டாக்டரே இல்லாவிட்டால் எங்கே சேர்க்க உதவுவது?


சியாட்டில் மீனா
வியாழன், காலை 6:30

நான்கு வருடமாக என் மாமனாருக்குக் கட்டுகிறேன். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று உள்ளபடி சொல்கிறேன்.

கிடைத்தது: அன்றைக்கே பார்ப்பது. கூப்பிட்டால் ‘திங்கள்கிழமை முடிந்து மூன்றாவது வாரம்’ என்ற பேச்சு கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்குக் கால் வீங்கியது. நான் படம் எடுத்து அனுப்பினேன், டாக்டர் பத்து நிமிடத்தில் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்டு, ‘இப்போதே ஈஆருக்கு (அவசர சிகிச்சைப் பிரிவு) போங்கள்’ என்றார். காலில் ரத்தம் உறைந்து கட்டியிருந்தது. தானாகச் சரியாகும் என்று நாங்கள் படுக்கப் போயிருப்போம்.

கிடைக்காதது: ஈஆருக்குப் போன பிறகு அவர் இல்லை. ஆஸ்பத்திரிக்குள் பார்த்தது எல்லாம் அங்கே இருக்கிற டாக்டர்கள். எங்கள் டாக்டர் போனில் அவர்களோடு பேசினார், மாத்திரைப் பட்டியலை அனுப்பினார், டிஸ்சார்ஜ் ஆனதும் மறுநாளே பார்த்தார். ஆனால் ஆஸ்பத்திரி பில்லில் ஒரு டாலர் குறையவில்லை. இதை இன்சூரன்ஸ் மாதிரி நினைத்துச் சேர்ந்தால் ஏமாற்றம்தான். ஸ்பெஷலிஸ்ட் அப்பாயின்ட்மென்ட்டும் சீக்கிரம் கிடைக்கும் என்று சேரும்போது சொன்னார்கள். தோல் டாக்டருக்கு நாங்களும் எல்லோரையும் போல மூன்று மாதம் காத்திருந்தோம்.

இரண்டாவது வருடம் அவர் ஆறு வாரம் விடுமுறை போனார். பதிலுக்கு வந்தவருக்கு மாமாவைத் தெரியாது, ஃபைலையும் படிக்கவில்லை. அந்த ஆறு வாரத்துக்கும் சந்தா ஓடிக்கொண்டுதான் இருந்தது.


மதுரை மல்லி
வியாழன், காலை 9:00

படத்தைப் பார்த்தே சொன்னார் என்பது பெரிய விஷயம் மீனா. மாமா இப்போது நன்றாக இருக்கிறாரா?


சியாட்டில் மீனா
வியாழன், காலை 9:12

தோட்டத்தில் வெண்டைக்காய் போட்டிருக்கிறார். எனக்குத்தான் தண்ணீர் ஊற்றுகிற வேலை.


ஓஹையோ முத்து
வியாழன், மாலை 6:40

ஒன்று விட்டுப்போனது. மெடிகேர் நோயாளிகளை வைத்து 2023இல் பொருளாதார இதழ் ஒன்றில் ஓர் ஆய்வு வந்தது, கான்சியர்ஜுக்குப் போனவர்களையும் போகாதவர்களையும் ஒப்பிட்டு. சேர்ந்தவர்களின் மொத்த மருத்துவச் செலவு 30 முதல் 50 சதவீதம் வரை கூடியது, சராசரியாகப் பார்த்தால் இறப்பு குறையவில்லை என்று முடிவு. டாக்டருக்கு நேரம் இருந்தால் டெஸ்டும் கூடும் போல. கம்பெனிகள் வெளியிடுகிற ஆய்வுகள் நேர்மாறாக, ஆஸ்பத்திரி வாசம் குறைகிறது என்று சொல்கின்றன. யார் காசில் எந்த ஆய்வு என்று பார்த்துக்கொள்ளுங்கள். மீனா வீட்டுக் கால் வீக்கம் மாதிரி ஒன்று சராசரிக்குள் காணாமல் போய்விடும் என்பதும் உண்மைதான்.


பில்லிங் சாந்தி
வியாழன், இரவு 8:25

மீனா சொன்ன விடுமுறை விஷயம் முக்கியம் ராஜி. போன் பண்ணும்போது மெடிகேர் கேள்வியோடு இதையும் கேட்டுவிடுங்கள்: ராத்திரியில் போன் எடுப்பது அவரா, கால் சென்டரா? அவர் இல்லாத நாளில் யார் பார்ப்பார்? நடு வருடத்தில் விலகினால் (அல்லது, சொல்லக் கூடாது, நோயாளிக்கே ஏதாவது ஆனால்) மிச்சப் பணம் திரும்புமா? தவணையாகக் கட்டலாமா? வாயால் சொல்வதை நம்பாதீர்கள், ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

மூன்று பேரும் சேர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கம்பெனி ஆட்கள் போனில் ‘ஃபேமிலியாக’ என்று இழுப்பார்கள்.

அப்புறம், சேர்ந்தாலும் சேராவிட்டாலும் மூன்று பேருடைய மெடிக்கல் ரெக்கார்டையும் இப்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள். சட்டப்படி 30 நாளைக்குள் கொடுக்க வேண்டும், ஆனால் டிசம்பர் கடைசியில் 1,400 பேர் ஒரே நேரத்தில் கேட்டால் அந்த ஆபீஸ் என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். நான் அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன்.


எடிசன் ராஜி
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5:10

கேட்ட எல்லோருக்கும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மெடிகேரில் தொடர்கிறாராம். ராத்திரிப் போன் அவருடைய கைபேசிக்கே போகும், விடுமுறையில் அதே கம்பெனியைச் சேர்ந்த பக்கத்து ஊர் டாக்டர். மூன்று மாதத்துக்கு ஒரு தவணை, விலகினால் மீதிக் காலத்துக்குப் பணம் திரும்பும், ஆனால் அந்த வருடாந்திரப் பரிசோதனையை முடித்துவிட்டால் திரும்பாது! நான்காம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. சாந்தி அக்கா சொல்லாவிட்டால் அந்தப் பக்கத்தைத் திறந்தே இருக்க மாட்டேன். அதனால் பரிசோதனையை வருடக் கடைசியில் வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

அம்மாவை மட்டும் சேர்த்திருக்கிறோம், ஒரு வருடத்துக்கு. நானும் கணவரும் வேறு ஒரு இன்டர்னிஸ்டிடம் பெயர் கொடுத்திருக்கிறோம், முதல் அப்பாயின்ட்மென்ட் மார்ச்சில்தான். செந்தில், நீங்கள் சொன்னது உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது. எங்களுக்கு மார்ச் என்றால், இன்சூரன்ஸே சரியாக இல்லாதவர்களுக்கு எப்போதோ.

ரெக்கார்டு வந்துவிட்டது. அம்மாவுடையது மட்டும் 212 பக்கம்.

தொகையை அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். கடிதத்தை அவரே எடுத்துப் பார்த்துவிட்டார். மனதுக்குள் ரூபாயில் பெருக்கினார். “ரெண்டு லட்சத்துக்குக் கிட்ட வருதே! சரி, கட்டினது கட்டியாச்சு. அந்தப் பையன் நம்பரைக் கொடு. அவன் சாப்டாச்சான்னு நான் தினமும் கேக்கறேன்.”

நம்பரை இன்னும் கொடுக்கவில்லை.